கடல் ஓய்வெடுத்த மறுநாள்: நுசா பெனிடா தரிசனம்

“நாளைக்குப் படகு ஓடாதே. நாளைக்குக் கடலுக்கு ஞெபி.”

பாலித் தீவின் சனூர் கடற்கரையில் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கார அம்மா இதைச் சொன்னபோது ராத்திரி எட்டு மணி. என் சட்டைப் பையில் மறுநாள் காலை எதிரே இருக்கிற நுசா பெனிடா தீவுக்குப் போகும் ஏழரை மணிப் படகுக்கு இரண்டு டிக்கெட் இருந்தன. அன்று மதியம்தான் ரோட்டோரம் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் வாங்கியிருந்தேன். மனிதர் பணத்தை இரண்டு தடவை எண்ணி வாங்கிக்கொண்டாரே தவிர, இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பாலியின் ஞெபி பலருக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் நாட்காட்டியான சக வருடத்தின் பிறப்பன்று தீவு முழுக்க மௌனம். விளக்கு கிடையாது, அடுப்பு கிடையாது, தெருவில் ஆள் கிடையாது, விமான நிலையத்தையே ஒரு நாள் மூடிவிடுவார்கள். அதெல்லாம் நமக்கு யுகாதி வருகிற சமயத்தில் என்பதால், புரட்டாசிக் கடைசியில் போனால் தொந்தரவு இல்லை என்று கணக்குப் போட்டு வந்திருந்தேன். பெனிடா தீவுக்காரர்கள் கடலுக்கென்றே தனியாக ஒரு ஞெபி வைத்திருப்பது என் கணக்கில் இல்லை. ஞெபி செகாரா என்று பெயர். செகாரா வேறொன்றுமில்லை, நம் சாகரம்தான். அவர்களுடைய நாலாம் மாதப் பௌர்ணமியை ஒட்டி வருணனுக்குப் பூஜை போட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்கக் கடலைச் சும்மா விட்டுவிடுவார்கள். மீன்பிடிப் படகு, பயணிகள் படகு எதுவும் போகாது. குளிக்கக்கூட யாரும் இறங்க மாட்டார்கள்.

எனக்கு எரிச்சல். ஊர் திரும்ப இன்னும் இரண்டே நாள் இருந்தது. அறைக்குப் போய், கூட வந்திருந்த என் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“வருஷம் பூரா அது மேல ஏறி மிதிச்சுக்கிட்டே இருந்தா அதுவும் என்னப்பா பண்ணும்? ஒரு நாள் கிடக்கட்டும் விடு. குரங்குக் காட்டுக்கு அடுத்த நாள் போகணும்னியே, அதை விட்டுட்டு இங்க போவோம். குரங்கை அழகர்கோயில்லயே பாத்துக்கலாம்.”

மறுநாள் முழுக்கச் சனூர் கரையிலேயே இருந்தோம். எதிரே கிழக்கில், தண்ணீருக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட சுவர் மாதிரி பெனிடா தெரிந்தது. முந்தின நாள் அந்தப் பக்கமே வெள்ளைக் கோடுகளாக இருந்தது, ஒவ்வொரு படகும் இழுத்துக்கொண்டு போன நுரை. அன்றைக்கு ஒரு கோடு இல்லை. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. சாயங்காலம் வரை அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தரிசனம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் டிக்கெட்டை மாற்றித் தருவார்களா என்ற கவலையில் இருந்தேன். (மாற்றித் தந்தார்கள், கொஞ்சம் முணுமுணுப்போடு.)

சனூரில் 2022இல் புதுத் துறைமுகம் கட்டி முடித்திருக்கிறார்கள். அதற்கு முன் முழங்கால் தண்ணீரில் நடந்து போய்த்தான் படகில் ஏற வேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்போது வந்திருந்தால் என் பாடு திண்டாட்டம்தான். இப்போது மேடையிலிருந்து நேராகக் காலை வைத்து ஏறலாம். ஏறும் முன் செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடச் சொன்னார்கள். இறங்கும் இடத்தில் கூடையைக் கவிழ்ப்பார்கள், அவரவர் தேடி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

“கோயிலுக்குள்ள போற மாதிரில்ல இருக்கு” என்றார் அம்மா.

அவர் சொன்னதற்கு ஏற்ற மாதிரி அடுத்த காட்சி. படகு கிளம்பும் முன் தலைப்பாகை கட்டிய ஒரு பையன் கையில் தட்டோடு முன்பக்கம் போனான். தட்டில் சானாங். தென்னங்குருத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பின்னிய சின்னப் பெட்டி அது. அதற்குள் ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிறமாகப் பூ: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை. மேலே ஒரு பிஸ்கட்டும் ஒரு மிட்டாயும். படகு மூக்கில் அதை வைத்து, ஊதுவத்தி கொளுத்தி, விரலிடுக்கில் ஒரு பூவைப் பிடித்துப் புகையை மூன்று தடவை கடல் பக்கம் தள்ளினான். அப்புறம் பின்னால் வந்து, மூன்று பெரிய வெளிப்பொருத்து எஞ்சின்கள் தொங்கும் இடத்திலும் ஒன்று வைத்தான். பெட்ரோல் வாசமும் ஊதுவத்தி வாசமும் சேர்ந்து வந்தது. பெட்ரோல் பக்கத்தில் நெருப்பா என்று நான் நெளிந்தேன். வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை.

வேகப் படகில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். முன்வரிசையில் காட்சி நன்றாக இருக்கும் என்று போய் உட்காராதீர்கள். மூக்குதான் தூக்கித் தூக்கி அடிக்கும். முதுகுவலி, முழங்கால் வலிக்காரர்களுக்குப் பின்வரிசைதான். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் குலுக்கல் பாதியாகிவிடும். காலை முதல் படகு இன்னும் நல்லது. காற்று எழும்புவதற்குள் அக்கரை சேர்ந்துவிடலாம்.

கரையோரப் பவளத்திட்டைத் தாண்டும் வரை குளத்தில் போகிற மாதிரி போனது. தாண்டியதும் ஆட்டம் தொடங்கியது. இங்கே கடலுக்கு இழுப்பு அதிகம். பசிபிக் கடலின் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்கு இறங்கி வரும் பெரிய வாசல்களில் ஒன்று லொம்போக் ஜலசந்தி. பெனிடா அந்த வாசலில் உட்கார்ந்திருக்கிற தீவு. வடக்கே இடது கைப்பக்கம் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஆகுங் எரிமலை, இடுப்பில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. அம்மா இஞ்சி மரப்பா ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, படகு ஒவ்வொரு தடவை விழும்போதும் ஒரு முருகா சொன்னார். பக்கத்தில் கோயில் உடையில் வந்திருந்த பாலிக் குடும்பத்துப் பாட்டியின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடத்தில் எத்தனை முருகா என்று நான் எண்ணவில்லை.

பெனிடா சுண்ணாம்புக்கல் தீவு. வறண்ட பூமி. பாலியை ஆண்ட குளுங்குங் ராஜாக்கள் காலத்தில் குற்றவாளிகளை நாடு கடத்தி இங்கேதான் விடுவார்களாம். இன்றைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தெற்கே செங்குத்துப் பாறை முனைகளில் நின்று படம் பிடிக்கப் போகிறார்கள். பாலி மக்களோ குடும்பம் குடும்பமாக வெள்ளை உடுத்திப் படகேறி வடகரைக்குப் போகிறார்கள். அங்கே இருப்பது புரா தலெம் பெட் என்ற கோயில்.

எங்களை அழைத்துப்போன கார்காரர் அம்மாவை ‘இபு’ என்று கூப்பிட்டார். அம்மா என்றுதான் அர்த்தம் என்றதும் அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் ஒழுங்கு முறையைச் சொன்னார்: முதலில் கடலோரம் இருக்கிற செகாரா கோயில், அப்புறம் குளத்துக் கோயில், அதற்குப் பிறகுதான் பெரிய கோயில். அம்மா சேலைக்கு மேலேயே இடுப்பில் மஞ்சள் துண்டு கட்டிவிட்டார்கள். என் வேட்டியை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்துவிட்டு, இடுப்புத் துண்டு மட்டும் போதும் என்றார்கள்.

இங்கே குடியிருப்பவர் ராத்து கெடே மெச்சாலிங். சாலிங் என்றால் கோரைப்பல். பெயரைக் கேட்டாலே பாலியில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். மழைக்காலத்தில் தன் பரிவாரத்தோடு கடல் தாண்டிப் பாலிக்கு வந்து நோயைப் பரப்புகிறவர் அவரே. அந்த நோயிலிருந்து காப்பவரும் அவரே. அதனால்தான் மக்கள் கடல் தாண்டி அவர் வாசலுக்கே வந்து கேட்டுக்கொள்கிறார்கள். வெளிநாட்டார் எழுதியவற்றில் இவரைப் பேய் அரசன் என்று பார்த்திருந்தேன். அதை எப்படி அம்மாவிடம் சொல்வது என்று தயங்கித் தயங்கி விளக்கினேன்.

“இதுல என்ன இருக்கு? நம்ம மாரியாத்தா மாதிரி. முத்தைப் போடுறதும் அவதான், இறக்குறதும் அவதான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வாசல் சிலைகளுக்கும் மரத்துக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி சுற்றியிருந்தது. நல்லதும் கெட்டதும் பக்கத்துப் பக்கத்துக் கட்டம், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்று இல்லை. உள்ளே நாம் எதிர்பார்க்கிற மாதிரி விக்கிரகம் இல்லை. கல்லில் உயர்ந்த ஆசனம், அதற்கு மஞ்சள் துணி, குடை. ஆசனம் காலி. அம்மா கொஞ்ச நேரம் தேடினார். “சிதம்பரத்துல திரையை விலக்கிக் காட்டுவாங்களே, அப்படி” என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கிழக்குப் பக்கம் சுவானா கிராமத்தில் இருக்கிறது கோவா கிரி புத்ரி. எங்கள் பயணத்துக்கே இதுதான் காரணம். கோவா என்றால் குகை. கிரி புத்ரி யாரென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, மலைமகள். ரோட்டிலிருந்து 110 படி. அம்மா பத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்விட்டது, அதற்குப் பின்னால் வந்த கூட்டமும் போய்விட்டது.

மேலே போனால் கோயிலைக் காணோம். ஒரு பாறை, அதில் ஒரு பொந்து. நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்து போகிற அளவுதான். ஒரு நேரத்தில் ஒருவர். பெமாங்கு என்று அழைக்கப்படும் பூசாரி எங்கள் தலையில் தண்ணீர் தெளித்து, போகலாம் என்று கை காட்டினார். எனக்கே உள்ளே மூச்சு முட்டுமோ என்று பயம். அம்மா சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினார், ஒரு கையைப் பாறையில் ஊன்றினார், குனிந்தார், காணாமல் போனார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: “தலையைப் பாத்து வாப்பா, இடது பக்கம் இடிக்கும்.”

இடித்துக்கொண்டேன். நாலைந்து எட்டு தவழ்ந்து நிமிர்ந்தால், கூரை எங்கோ மேலே போய்விட்டது. ஒரு கல்யாண மண்டபம் கொள்ளும் இடம். 300 மீட்டர் போல நீளம், அதற்குள் ஊரே உட்கார்ந்து கும்பிடலாம், கும்பிட்டுக்கொண்டும் இருந்தார்கள். பாறையிலிருந்து சொட்டும் தண்ணீர், ஊதுவத்திப் புகை, வௌவால் வாசம். கருவறை, கருவறை என்று ஆயுசு முழுக்கச் சொல்லியிருக்கிறோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கிற கருவை நான் அந்தப் பொந்தில்தான் கவனித்தேன்.

ஒவ்வொரு சந்நிதியாக உள்ளே போக வேண்டும். வாசுகி ஒன்றில். அப்புறம் கிரி புத்ரி. ஈரத்தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பெமாங்குவின் மணி கேட்டதும் ஐந்து தடவை கும்பிடுகிறார்கள். முதல் தடவை வெறுங்கை, இரண்டாவது சூரியனுக்கு வெள்ளைப் பூவோடு, அடுத்த இரண்டும் பூவோடு, கடைசி மறுபடி வெறுங்கை. கும்பிட்ட பூவைக் காதில் செருகிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருந்த சின்னப் பெண் அம்மாவுக்குப் பூவை எடுத்துக் கொடுத்துக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தாள், ஒரு வார்த்தை பொது இல்லாமல்.

பிறகு தீர்த்தம். அங்கேயும் அதே பெயர்தான், ‘தீர்த்தா’. தலையில் மூன்று தடவை தெளிப்பு, வலது உள்ளங்கையில் மூன்று தடவை வாங்கிக் குடிப்பு, பிறகு முகத்தில். நனைத்த அரிசியை நெற்றியில் ஒட்டி, சில மணிகளை வாயிலும் போட்டுக்கொள்கிறார்கள். அந்த ஊர் மதத்துக்கே தீர்த்த மதம் என்று ஒரு பெயர் உண்டு.

குகையின் கடைக்கோடியில் சிவப்பும் தங்கமுமாக ஒரு சந்நிதி. குவான் இம். சீனர்களின் கருணைத் தெய்வம். அம்மா நின்று பார்த்தார்.

“இது யாருப்பா?”

“சீனாக்காரங்க கும்பிடுற அம்மன்.”

“அம்மன்தானே” என்று சொல்லிவிட்டு அங்கேயும் ஒரு கும்பிடு.

அந்தப் பக்கம் குகை மரங்கள் அடர்ந்த சரிவில் திறக்கிறது. வெளிச்சத்தில் பார்த்தபோது அம்மா சேலை முழங்கால் வரை சேறு, நெற்றியில் அரிசி, காதில் பூ. முழங்கால் வலியைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இறங்கும்போது 110 படியும் பேசினார், அது வேறு.

சாயங்காலப் படகு வந்ததைவிட மோசம். அலை எதிரே. பாதி வழியில் ஒரு வெளிநாட்டுப் பையன் வாந்தி எடுக்க, அம்மா மரப்பாப் பொட்டலத்தை அப்படியே அவனிடம் கொடுத்துவிட்டார். சனூரில் செருப்புக் கூடையைக் கவிழ்த்தபோது என் செருப்பில் ஒன்று கடைசி வரை வரவில்லை. வெறுங்காலோடுதான் விடுதி வரை நடந்தேன்.

குகையில் தீர்த்தத்தைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி நூல் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அம்மா அதைப் பத்திரமாக ஒரு சின்ன ஹோமியோபதி பாட்டிலுக்கு மாற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். விமான நிலையப் பரிசோதனையில் பை தனியாக ஒதுங்கியது. பாட்டிலை வெளியே எடுத்த அதிகாரி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார்.

“தீர்த்தா?”

அம்மா தலையாட்டினார். அவர் மூடியை இன்னொரு தடவை இறுக்கி, பாட்டிலைச் சாயாமல் பைக்குள் நிறுத்தி, வலது கையால் நீட்டினார்.

நாலடி நடந்ததும் அம்மா என் முழங்கையைப் பிடித்தார்.

“பாத்தியா, அவருக்குத் தமிழ் தெரியுது.”