குறி சுடலாமா, காதில் இலக்கம் போடலாமா?

மிருகங்களை நடத்தும் முறை பற்றி இணையவழி வாத விளையாட்டு நடத்த விரும்பும் ஆசிரியர்கள் பெரும்பாலும் 'மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடுவது சரியா, பிழையா?' என்ற கேள்வியோடுதான் வருவார்கள். அந்தக் கேள்வியை வைத்தால் பத்து நிமிடத்தில் விளையாட்டு முடிந்துவிடும். கிழக்கிலங்கையில் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வகுப்பொன்றில் வெள்ளிக்கிழமை மட்டும் மச்சம் தவிர்க்கும் வீட்டுப் பிள்ளையும், உழ்ஹிய்யா (ஹஜ்ஜுப் பெருநாளில் மிருகம் அறுத்துப் பங்கிடுவது) கொடுக்கும் வீட்டுப் பிள்ளையும், மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டுப் பிள்ளையும் ஒன்றாக இருப்பார்கள். எல்லோரும் பதிலை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருப்பார்கள். அதை மாற்றிக்கொள்வது வீட்டை விட்டுக்கொடுப்பது போலப் படும். வாத விளையாட்டுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய நிலைப்பாடு வேண்டும். வழிபாட்டோடு சேர்ந்த தலைப்புகளை ஒதுக்குவதற்கு இதுதான் காரணம். அவை பேசத் தகாதவை என்பதால் அல்ல.

தலைப்பு, இந்த ஊரில் யாரோ ஒருவர் உண்மையில் எடுக்க வேண்டிய ஒரு முடிவின் அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். எங்கள் அனுபவத்தில் மிக நன்றாக ஓடும் தலைப்பு இது: 'மாட்டுக்குக் குறி சுடுவதை நிறுத்தி, காதில் இலக்கப்பட்டி மட்டும் போட வேண்டும்.' மட்டக்களப்பில் மாட்டுக்குறி வெறும் அடையாளம் அல்ல. குடிக்குறி (குலத்துக்குரியது), ஆள்குறி (உரிமையாளருக்குரியது) என்று தலைமுறைகளாக வந்த எழுத்து அது. அதே நேரம் அது பழுக்கக் காய்ச்சிய இரும்பு. இரண்டு பக்கத்திலும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இதற்கு முடிவான பதிலை வீட்டிலிருந்து கொண்டு வருவதில்லை.

இரண்டு நாளுக்கு முன் ஒரு பக்கத் தகவல் அட்டையை வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். பிடிஎஃப் வேண்டாம். 200 கிலோபைட்டுக்குள் ஒரு படமாக அனுப்பினால் டேட்டா முடியும் நிலையில் உள்ள போனிலும் திறக்கும். அட்டையில் வாதம் இருக்கக்கூடாது, தகவல் மட்டும் இருக்க வேண்டும். சூட்டுக்குறி தோலை ஆழமாக எரித்து மயிர் வேரை அழிக்கிறது. புண் ஆற வாரக்கணக்காகும். ஈ மொய்த்தால் புழு வைக்கும். ஆனால் பல பட்டி மாடுகள் கலந்து மேயும் மேய்ச்சல்தரையில் தூரத்திலிருந்தே ஆளைச் சொல்லும். காதுப்பட்டியின் வலி துளையிடும் கணத்தோடு பெரும்பாலும் முடிகிறது. ஆனால் பற்றைக்குள் சிக்கினால் காது கிழியும், களவெடுப்பவன் வெட்டி எறிந்துவிடலாம், இலக்கத்தை வாசிக்கக் கிட்டப் போக வேண்டும். மூன்றாவது வழியாகக் குளிர்க்குறியையும் சேர்க்க வேண்டும். திரவ நைதரசனில், அதாவது −196 பாகை செல்சியசில், குளிர்த்திய உலோகத்தை வைத்தால் நிறம் கொடுக்கும் கலங்கள் அழிந்து அந்த இடத்து மயிர் வெள்ளையாக முளைக்கும். வலி சூட்டுக்குறியைவிடக் குறைவு. கறுப்பு, செம்மாட்டில் நன்றாகத் தெரியும், வெள்ளை மாட்டில் அவ்வளவு எடுபடாது. செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு விந்தைப் பாதுகாப்பதும் இதே திரவத்தில்தான் என்பதால் 'இங்கே எங்கே கிடைக்கும்?' என்ற கேள்வி வெறுங்கேள்வியாக நிற்காது. சட்டம் பற்றி ஒரு வரி போதும்: மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கம். அதில் எழுதப்பட்ட தண்டம் 100 ரூபா. அந்தத் தொகையைக் கண்டதும் பிள்ளைகள் தாங்களாகவே பேசத் தொடங்குவார்கள்.

24 பேர் என்றால் ஐந்து ஐந்து பேராக நான்கு அணி: பட்டிக்காரர் (மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்), மாட்டின் பக்கம், கால்நடை வைத்தியர், வேளாண்மைக்காரர். நான்காவது அணியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. பயிரைத் தின்ற மாடு யாருடையது என்று அறிய வேண்டியவர் அவர்தான். அவர் வந்தால்தான் வாதம் 'இரக்கமா, காசா' என்ற இரட்டை வரியிலிருந்து வெளியே வரும். மீதி நான்கு பேருக்கும் வேலை உண்டு: நேரம் பார்ப்பவர், கூகுள் ஷீட்டில் புள்ளி இடுபவர், சாட் பெட்டியில் வருவதை வாசிப்பவர், இணைப்பு அறுந்தவர்களைத் திரும்ப உள்ளே எடுப்பவர்.

மாட்டின் பக்கம் பேசுபவர் 'நான் ஒரு மாடு' என்று தொடங்கக்கூடாது. தொடங்கினால் அது நாடகமாகிவிடும். அழுகைக் குரலுக்கு எதிரே யாரும் நியாயம் கேட்க மாட்டார்கள். 'மாட்டுக்கு இன்னது தேவை' என்றுதான் பேச வேண்டும். அதற்கு ஐந்து சுதந்திரங்கள் உதவும். பிரித்தானியாவில் 1965 இல் வந்த பண்ணை மிருகங்கள் பற்றிய அறிக்கையிலிருந்து வளர்ந்தவை அவை: பசி தாகம் இல்லாமை, வசதியான இருப்பிடம், வலி காயம் நோய் இல்லாமை, இயல்பாக நடக்க வாய்ப்பு, பயமும் உளைச்சலும் இல்லாமை. இவற்றை ஐந்து நிரலாக வைத்து ஒவ்வொரு குறிமுறைக்கும் நிரப்பச் சொன்னால் வாயளவு இரக்கம் குறிப்பான பேச்சாகும். மனிதர் பராமரிப்பில் உள்ள மிருகத்துக்கே இந்த அளவுகோல் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஸூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். அதே இணைப்பில் திரும்ப வரலாம்தான், ஆனால் எல்லோரும் வரமாட்டார்கள். ஆகவே 37 நிமிடத்துக்குக் கணக்கிட வேண்டும். உள்ளே வரவும் முதல் வாக்குக்கும் 4, அணிக்கு 90 செக்கன் வீதம் தொடக்க உரைக்கு 6, பிரேக்அவுட் அறையில் (அணிகள் தனித்தனியே கூடிப் பேசும் அறை) 7, மறுபேச்சுக்கு 6, குறுக்குக் கேள்விக்கு 8, முடிவுரைக்கு அணிக்கு 30 செக்கன் வீதம் 2, இறுதி வாக்குக்கும் காரணம் எழுதவும் 4. மிஞ்சும் 3 நிமிடம் அறுந்த இணைப்புகளுக்கு.

இந்த விளையாட்டின் உயிர் மறுபேச்சில் இருக்கிறது. ஒவ்வொரு அணிக்கும் 90 செக்கன். அதில் முதல் 30 செக்கனில் எதிர் அணி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த அணி 'ஓம், அதைத்தான் சொன்னோம்' என்றால் மட்டுமே மீதி 60 செக்கனில் பதில் சொல்லலாம். 'பட்டிக்காரருக்குக் காசுதான் பெரிது என்கிறார்கள்' என்று திருப்பிச் சொன்னால் ஓம் கிடைக்காது. 'குறி இல்லாவிட்டால் களவு போன மாடு தன்னுடையது என்று காட்ட வழியில்லை என்கிறார்கள்' என்றால் கிடைக்கும். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் இடையில்தான் பிள்ளை மற்றவரைக் கேட்கப் பழகுகிறது. ஓம் கிடைத்தால் 2 புள்ளி, அட்டையிலுள்ள தகவலைச் சரியாகப் பயன்படுத்தினால் 1, ஊகத்தை உண்மைபோலச் சொன்னால் 1 குறையும், ஆளைத் தாக்கினால் 2 குறையும். பேச்சழகுக்குப் புள்ளி இல்லை. மேடைப் பேச்சுப் போட்டியில் பழகிய பிள்ளைகள் முதலில் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அவர்கள் அணி தோற்கவும் கூடும். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

திருக்குறளும் மனுநீதிச் சோழனும் கட்டாயம் வருவார்கள். வரட்டும். பசுவுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட அரசனின் கதை, ஆள்பவர் மிருகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற மதிப்பைச் சொல்கிறது. எந்தக் குறிமுறையில் புண் சீக்கிரம் ஆறும் என்பதை அது சொல்லாது. ஆகவே மேற்கோளை ஷீட்டில் 'மதிப்பு' என்ற நிரலில் எழுதுகிறோம், 'தகவல்' நிரலில் எழுதுவதில்லை. இதே பிரிப்பு இணையத்தில் பார்த்து ஒட்டும் பந்திகளையும் வடிகட்டும். ஒட்டியதைச் சொந்த வாயால் ஒரு வசனத்தில் சொல்லச் சொன்னால் போதும்.

பிழை வருவது பெரும்பாலும் போனில்தான். ஒரு வீட்டில் ஒரு போன், இரண்டு பிள்ளைகள். அப்பா வேலையால் வந்த பிறகுதான் அது கைக்கு வரும். மாலையில் வைத்தாலும், ஒவ்வொரு அணியும் தன் தொடக்க உரையைச் சுருக்கி 60 செக்கன் குரல்பதிவாக முன்கூட்டியே வட்ஸ்அப்பில் அனுப்பி வைக்க வேண்டும். பேச்சாளருக்கு நெட்வேர்க் விழுந்தால் ஆசிரியர் அதை ஒலிபரப்பலாம். மாற்றுப் பேச்சாளர் பெயரும் முதலே வேண்டும். கமராவை எல்லோரும் அணைத்துவிடலாம்.

யானைத் தலைப்பை இரண்டாம், மூன்றாம் தடவைக்கு வைத்துக்கொள்வது நல்லது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. குப்பைமேட்டைச் சுற்றி மின்வேலி போடலாமா என்பது நல்ல சிறிய தலைப்பு. வேலி செக்கனுக்கு ஒரு தடவையளவில் துடிப்பாக அடிக்கும், கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுத்தால்தான் கொல்லும். கம்பியில் புல் முட்டினால் வலு இறங்கும். யானை மரக்கட்டையைத் தள்ளி வேலியைச் சாய்க்கப் பழகிவிடும். இவை அட்டையில் வேண்டும். ஆனால் இறந்த யானைகளின் படம் வேண்டாம். படம் வந்தபின் யாரும் அட்டையைப் பார்ப்பதில்லை. இன்னொன்று மிக முக்கியம்: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகளில் யானையால் உறவை இழந்தவர்கள் இருக்கலாம். எந்த அணி என்று முதல்நாளே தனியாகக் கேட்க வேண்டும். யானையின் பக்கம் பேசச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கத்து எழுவான்கரைப் பிள்ளை யானைக்காக எளிதாகப் பேசிவிட்டுப் போகலாம், இரவில் பரணில் காவல் இருப்பது அந்தப் பிள்ளையின் வீட்டார் இல்லை.

வெற்றி, அதிக வாக்கு எடுத்த அணிக்கு அல்ல, வாக்கை நகர்த்திய அணிக்கு. தொடக்கத்தில் 17க்கு 7 ஆக இருந்தது முடிவில் 13க்கு 11 ஆனால், சிறுபான்மைப் பக்கமே வென்றது. இறுதிப் படிவத்தில் மூன்று இடம் போதும்: முன்பு நினைத்தது, இப்போது நினைப்பது, மாற்றியது அல்லது மாற்றாதது எந்தத் தகவல். பெயர் கேட்பதில்லை. பதில் கிடைக்காத கேள்விகள் ஷீட்டில் சிவப்பில் நிற்கும். கன்றுக்கு எந்த வயதில் சுட்டால் புண் கெதியாக ஆறும், காதுப்பட்டி விழுந்துபோன மாட்டின் பதிவை எப்படி மீட்பது என்பவை போல. அவற்றைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு, பதிலை அடுத்த வகுப்புக்கு முன் குரல்பதிவாக அதே குழுவில் போடுகிறோம்.