"தண்ணி போயிருக்கு சார், வாரண்டி வராது"

சர்வீஸ் சென்டரில் டோக்கன் எண் கூப்பிட்ட பிறகு நடக்கும் காட்சி எல்லா இடத்திலும் ஒன்றுதான். கவுன்டரில் இருப்பவர் போனை வாங்குவார், ஊசியால் சிம் டிரேயை வெளியே தள்ளுவார், அந்தப் பொந்துக்குள் டார்ச் அடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பிறகு, பையன் கணக்கில் ஃபெயில் என்று பெற்றோரிடம் சொல்லும் வாத்தியார் குரலில் தீர்ப்பு வரும்: "தண்ணி போயிருக்கு சார், வாரண்டி வராது." போன் அங்கே வந்ததே ஸ்பீக்கர் கரகரக்கிறது என்றுதான். அந்தப் பேச்சே எழாது. நேராக எஸ்டிமேட். மதர்போர்டு மாத்தணுமாம். தொகையைக் கேட்டால் புதுப் போனே வாங்கிவிடலாமே என்று தோன்றும். நாம் வாய் திறக்குமுன் அவரே சொல்லிவிடுவார்: "எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் ஓடுது சார்."

இந்த இடத்தில்தான் பலர் சத்தம் போடுகிறார்கள். பின்னால் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பொழுது போகும், அவ்வளவுதான். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "இதை எழுதிக் கொடுங்க." அதுவரை கணீரென்று பேசியவர் "மேனேஜர் லஞ்சுக்குப் போயிருக்கார்" என்பார். காத்திருக்கலாம். வாயால் சொன்ன மறுப்புக்குச் சாட்சி கிடையாது. நாளைக்குக் கேட்டால், கஸ்டமரே ரிப்பேர் வேண்டாம் என்று போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும்.

சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் சீட்டான ஜாப் ஷீட்டில் இருக்க வேண்டியவை: தேதி, ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), நீங்கள் சொன்ன கோளாறு, அவர்கள் கண்டுபிடித்த கோளாறு, எந்தக் காரணத்தால் வாரண்டி இல்லை என்பது. கோளாறைச் சுருக்கமாக 'டெட்' என்று எழுதினால் விடாதீர்கள். "சார்ஜ் 40 சதவீதம் இருக்கும்போதே தானாக அணைகிறது, சார்ஜரில் போட்டால் மட்டும் திரும்ப வருகிறது" என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன், ஷீட்டின் அடியில் எறும்பு எழுத்தில் 'ஸ்க்ராட்ச், டென்ட்' என்று ஏதாவது முளைத்திருக்கிறதா பாருங்கள். இல்லாத டென்டுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால், அடுத்த வாரம் அது பிசிக்கல் டேமேஜ் ஆகிவிடும். அதனால் போனைக் கொடுக்குமுன் நாலு பக்கமும் திரையும் தெரிய ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் அதில் இருக்கட்டும். சிம் பொந்துக்குள் நீங்களும் டார்ச் அடித்து ஒரு படம் எடுங்கள். டேட்டாவை பேக்கப் எடுத்துவிட்டு, சிம்மைக் கழற்றிவிட்டுத்தான் ஒப்படைக்க வேண்டும்.

அந்தப் பொந்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? சின்ன வெள்ளை ஸ்டிக்கர். நீர் பட்டால் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். உள்ளே போர்டிலும் இப்படி ஒன்றிரண்டு ஒட்டியிருப்பார்கள். ஈரம் தன்னைத் தொட்டது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. எவ்வளவு ஈரம், எப்போது, ஸ்பீக்கர் போனதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எனவே, "போனைத் திறந்து போர்டைப் படம் எடுத்துக் காட்டுங்க" என்று கேட்கலாம். கனெக்டர்களின் ஓரத்திலோ சார்ஜிங் பின்னிலோ பச்சையாக, வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் தண்ணீர் உண்மையிலேயே உள்ளே போயிருக்கிறது. அப்போது வாதாடிப் பயனில்லை, எஸ்டிமேட்டைக் குறைக்கப் பாருங்கள். போர்டு பளபளவென்று இருந்து ஸ்டிக்கர் மட்டும் சிவந்திருந்தால், அந்தப் படமே உங்கள் வழக்குக்கு அஸ்திவாரம்.

"ஐபி68னு போட்டுத்தானே வித்தீங்க?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஐபி68 என்பது தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான தரக் குறியீடு. ஆனால் நீரைக் குறிக்கும் அந்த 8 என்பது ஆய்வுக்கூடத்தில், புதுப் போனை, அசையாத நல்ல தண்ணீரில், கம்பெனியே குறித்த ஆழத்தில் குறித்த நேரம் வைத்துப் பார்த்தது. ரப்பரும் பசையும் நாளாக நாளாகத் தளரும். விளம்பரத்தில் போன் நீச்சல் குளத்தில் குதிக்கும், வாரண்டி புத்தகத்தில் 'நீரால் ஏற்படும் சேதம் நீங்கலாக' என்று இருக்கும். இரண்டையும் ஒரே கம்பெனிதான் அச்சடித்திருக்கும்! இப்படிப்பட்ட நீர் விளம்பரங்களுக்காகத்தான் சாம்சங்கின் ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கு அந்நாட்டு நீதிமன்றம் 2022-ல் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. நம் சட்டத்திலும் தவறான விளம்பரம் என்பது புகாருக்குரிய விஷயம்தான். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இன்னொரு வகை மறுப்பு, "சிஸ்டத்துல வாரண்டி முடிஞ்சிருச்சு" என்பது. கடைக்காரர் டெமோ காட்டவோ டார்கெட் கணக்குக்காகவோ முன்பே ஆன் செய்திருந்தால், கம்பெனியின் கணினி அன்றிலிருந்தே நாளை எண்ணத் தொடங்கியிருக்கும். ஐஎம்இஐ போட்ட பில் கையில் இருந்தால் அந்தத் தேதியைத் திருத்த வைக்கலாம். பில்லில் ஐஎம்இஐ இல்லையென்றால் கஷ்டம்.

எழுத்து கையில் வந்தபின் வேலை சுலபம். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில், பில்லும் ஜாப் ஷீட்டும் இணைத்து. ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்துக்கும் அனுப்புங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915-க்கு அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். கவுன்டரில் அசையாத பல விஷயங்கள் இங்கேயே அசைந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை, ஆனாலும் ஆணையத்தின் முன் நன்றாக இருக்கும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனியின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கால வரம்பு இரண்டு ஆண்டு. கடைக்காரர், தயாரிப்பாளர், சர்வீஸ் சென்டர் மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்ற இருவரும் அவரைக் கை காட்டுவார்கள். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் அவர்கள் பதில் தாக்கல் செய்ய வேண்டும், மிஞ்சிப் போனால் இன்னும் 15 நாள். 45 நாளுக்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2020-ல் சொல்லிவிட்டது. ஸ்டிக்கர் சண்டை தீரவில்லை என்றால் ஆணையம் போனை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்ல வாய்ப்புண்டு. சரி செய்து தருவது, புதிது தருவது, பணத்தைத் திருப்புவது, நஷ்டஈடு என எல்லாவற்றுக்கும் உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

பெரும்பாலும் நோட்டீஸ் போன பிறகு ஒரு இனிமையான குரல் கூப்பிடும். "ஸ்பெஷல் கேஸா கன்சிடர் பண்ணி 50 சதவீதம் டிஸ்கவுன்ட் தர்றோம் சார்." மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். இலவசமாகச் சரி செய்து தருகிறோம் என்று இறங்கி வந்தாலும், போனைத் திருப்பித் தரும்போது சில இடங்களில் ஓடிபி கேட்பார்கள். அந்த ஓடிபி போனதும் உங்கள் புகார் 'தீர்ந்தது' என்று மூடப்படும். அங்கேயே நின்று யாருக்காவது பேசிப் பாருங்கள், ஸ்பீக்கரில் பாட்டுப் போடுங்கள், கேமராவைத் திறங்கள், சார்ஜரில் செருகுங்கள், ஐஎம்இஐ பழையதுதானா என்று ஒப்பிடுங்கள். பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டினாலும் பரவாயில்லை. எல்லாம் சரியாக இருந்தால் ஓடிபியைச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். வாசல் தாண்டுவதற்குள் போன் அடிக்கும்: "ஃபீட்பேக் கால் வரும் சார், மறக்காம பத்துக்குப் பத்து குடுத்துடுங்க."