வாசல் பலகையில் இன்று

ஜூன் 9, 2025, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. நூலக வாசலில் இருக்கும் கரும்பலகைக்கும் வேலை வந்துவிட்டது. அரியலூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரின் கிளை நூலகம் இது. காலையில் கதவைத் திறந்ததும் பலகையில் ஒரு துணுக்கு எழுதுவேன். நாலைந்து வரிக்கு மேல் போகாது. அதன் கீழே, மேற்கொண்டு படிக்க எந்த அலமாரிக்குப் போகவேண்டும் என்று ஒரு அம்புக்குறி.

இன்று எழுதியது பல்லியைப் பற்றி. வீட்டுப் பல்லிக்குக் கண்ணிமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு செதில்தான் கண்ணை மூடியிருக்கிறது. அதில் தூசி படிந்தால் நாக்கை நீட்டி நக்கித் துடைத்துக்கொள்ளும்.

சாயங்காலம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பையைக்கூட இறக்காமல் உள்ளே ஓடினார்கள். டியூப்லைட் பட்டிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பல்லி இருக்கும். அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்கள். வெகுநேரம் கழித்து அதில் பெரியது நாக்கை வெளியே விட்டு, வலது கண்ணின் மேல் ஒரு இழுப்பு இழுத்தது. அவ்வளவுதான், கூரை பறக்கிற மாதிரி ஒரு கூச்சல்! நாளிதழ் மேசையில் இருந்த பெரியவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு பையன் கேட்டான்: "மிஸ், அது ஏன் கீழ விழ மாட்டேங்குது?" விரலடியில் வரிவரியாக இருக்கும் மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் நெருக்கமாக இருக்கின்றன, ஒவ்வொன்றின் நுனியும் இன்னும் நுண்ணியதாகப் பல கிளை பிரிகிறது, பசை எதுவும் கிடையாது, சுவரின் மூலக்கூறுகளுக்கும் அந்த நுனிகளுக்கும் நடுவே உண்டாகும் மெல்லிய ஈர்ப்பே அதைத் தாங்குகிறது என்று சொன்னேன். அவன் தன் உள்ளங்கையைச் சுவரில் அழுத்திப் பார்த்தான்.

படித்தவரை எதையாவது நிமிர்ந்து பார்க்க வைக்கிற துணுக்குதான் எனக்குப் பிடிக்கும். அதுவும் அடுத்த கேள்வியைக் கையோடு கூட்டிவந்தால் இன்னும் நல்லது.

ஜூன் 11, புதன்

ஜூலை 12 அன்று குரூப் 4 தேர்வு. நாற்காலி கிடைப்பதே பாடாக இருக்கிறது. வாசல் திண்ணையிலும் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களில் ஒரு தம்பி வந்து, "மேடம், போர்டுல பரீட்சைக்கு வர்ற மாதிரி எழுதுனா எங்களுக்கும் உதவும்" என்றார். நியாயமான கோரிக்கைதான். எழுதினேன். ஆனால் என் போக்கில்.

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை (மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான கோடு) அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவை அதிலிருந்துதான் கிளம்பியது. பின்னால் எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் இதே முக்கோண வலைப்பின்னலின் நீட்சிதான். குரூப் 4-க்கு இவ்வளவு போதும்.

என் மனசு கிடப்பது தஞ்சாவூரில். காவிரிச் சமவெளி தட்டையானது. தென்னையும் பனையும் மறைக்கும், தூரத்துக் குறியைப் பார்க்க முடியாது. அதனால் கோயில் கோபுரங்களின் உச்சியையே அளவை நிலையமாக வைத்துக்கொண்டார்கள். 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி விமானத்தில் மோதி நசுங்கியது. லண்டனிலிருந்து கடல்வழி வந்த கருவி, அதற்கு மாற்று கிடையாது. லாம்டன் உட்கார்ந்து, கருவியின் வளைந்துபோன வட்டத் தகட்டை ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவியோடு அளவையும் தொடர்ந்தது.

அந்தத் தம்பி நோட்டில் '1802 – பரங்கிமலை' என்று குறித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அந்தக் கயிறு அறுந்த கதை எந்த அலமாரி மேடம்?" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் தினமும் வருவார். இன்று போனை நீட்டினார்: "நிலாவிலிருந்து பார்த்தால் தெரியும் ஒரே மனிதக் கட்டுமானம் சீனப் பெருஞ்சுவர். பகிருங்கள்." பலகையில் எழுதச் சொன்னார். எழுத முடியாது ஐயா, இது தப்பு என்றேன். "எல்லாரும் சொல்றாங்களேம்மா" என்றார்.

சரி, இரண்டு பேரும் சேர்ந்தே கணக்குப் போடலாம் என்று பேப்பரை எடுத்தேன். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பெருஞ்சுவர் எவ்வளவு நீளமானாலும் அகலம் சில மீட்டர்தான். ஆறு மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். அந்த விகிதப்படி பார்த்தால், நாலு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் ஒரு தலைமுடியை இங்கிருந்து பார்ப்பதற்குச் சமம். எந்தக் கண்ணுக்கும் ஆகாது. நிலாவில் இறங்கிய ஆலன் பீன், அங்கிருந்து பூமியில் மேகத்தின் வெண்மையும் கடலின் நீலமும் பாலைவனத்தின் மஞ்சளும் கொஞ்சம் பசுமையும்தான் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். 2003-இல் விண்வெளிக்குப் போன முதல் சீன வீரர் யாங் லிவெய், பூமிக்குப் பக்கத்திலேயே உள்ள சுற்றுப்பாதையில் இருந்துகூடத் தனக்குச் சுவர் தெரியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

இந்தக் கதை மனிதன் விண்வெளிக்குப் போவதற்கு முன்பே அச்சில் வந்துவிட்டது. போய்ப் பார்க்காமலே சொன்ன சங்கதி! ஐயாவுக்கு இதுதான் ரொம்பப் பிடித்துவிட்டது. பொய்த் தகவலை அழித்துவிட்டு, அந்தத் தலைமுடிக் கணக்கைத் தன் குடும்பக் குழுவில் போட்டார்.

வெறும் ஆச்சரியத்துக்காகப் பொய்யைப் பரப்ப வேண்டிய தேவையே நமக்கு இல்லை. உண்மையில் இருக்கும் ஆச்சரியத்தையே சொல்லி முடிக்க ஆயுள் போதாது. இதில் நான் கறாராகத்தான் இருப்பேன்.

ஜூன் 24, செவ்வாய்

பிறந்தநாள் கணக்கு. 23 பேர் கூடியிருந்தால் அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமைய பாதிக்கும் மேல் வாய்ப்பு. 30 பேர் என்றால் 70 சதவீதம். யாரும் நம்பவில்லை. மாலையில் இருந்த பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து மாதவாரியாகக் கை தூக்கச் சொன்னேன். செப்டம்பர் வருவதற்குள் ஒரு ஜோடி சிக்கிவிட்டது. ஒரு நாலாம் வகுப்புப் பாப்பாவும் ஒரு ரேஷன் கடை ஊழியரும்!

365 நாள் இருக்கும்போது இது எப்படி? ஆட்களை எண்ணினால் புரியாது, ஜோடிகளை எண்ணவேண்டும். 23 பேருக்குள் 253 ஜோடி.

ஜூலை 3, வியாழன்

இன்று பலகையில் எழுதியதைவிடப் பலகை கொண்டுவந்து சேர்த்ததுதான் பெரிது.

நேற்று ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ரத்தம் நீல நிறம் என்று எழுதியிருந்தேன். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு. அதனால் சிவப்பு. அதற்குச் செம்பு. அதனால் நீலம். இரண்டு இதயம் செவுள்களுக்கு மட்டும், மூன்றாவது உடம்பு முழுமைக்கும். இதைப் படித்துவிட்டு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா மிஸ்?" என்று சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தாள். அவள் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வழியில் கிடந்ததாம்.

உள்ளங்கை அகலம், மங்கிய மஞ்சள். உட்சுருண்டு போகும் ஒரே சுருள். முதுகில் விலா எலும்பு மாதிரி வரிசையாக மேடுகள், மேடுகளுக்கு நடுவே செம்மண். ஒரு ஓரம் உடைந்திருந்தது. அங்கே உள்ளே பார்த்தால் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் சர்க்கரைக்கட்டி போலப் படிகம் மின்னியது. ஒரு அறைக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓடும் கோடு நேராக இல்லை, நெளிநெளியாக இருந்தது. நத்தை ஓட்டுக்குள் அறைத் தடுப்பு கிடையாது. இது அம்மோனைட், அழிந்துபோன ஒரு கடல் விலங்கின் கல்லாகிய ஓடு.

சம்பந்தம் உண்டு, ரொம்ப நெருக்கமாகவே உண்டு. பார்வைக்கு நத்தை மாதிரி இருந்தாலும் அம்மோனைட் ஆக்டோபஸுக்கும் கணவாய்க்கும்தான் உறவு. கடைசி அறையில் மட்டும் விலங்கு குடியிருந்தது. பின்னால் இருந்த அறைகளில் வாயு. மிதப்பதற்கு அதுதான் உதவியது. டைனோசர்களோடு சேர்ந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இனம் அடியோடு அழிந்துபோனது.

"கடல் பிராணி நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு?"

அது வரவில்லை, கடல்தான் இங்கே இருந்தது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலத்தில் அரியலூர்ப் பக்கம் முழுக்கக் கடல். நம் மாவட்டத்தில் இத்தனை சிமெண்ட் ஆலை இருப்பதற்கும் அதுவே காரணம். கடலடியில் சிப்பி ஓடுகளும் சுண்ணாம்புமாகப் படிந்து இறுகிய பாறையைத்தான் வெட்டி எடுத்துச் சுடுகிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. கரையில் நின்ற மரம், வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடல் சேற்றில் புதைந்தது. வயது 12 கோடி ஆண்டு என்கிறார்கள். எங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தப் பழைய கடலில் கொஞ்சம் இருக்கும் என்று சொன்னேன். அவள் நூலகச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள்.

கல்லை நாலு பேர் கைமாற்றிப் பார்த்தபோது தபால் ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "இது எங்க பூஜையில இருக்கிற சாளக்கிராமம் மாதிரியே இருக்கேம்மா." மாதிரி என்ன, பல சாளக்கிராமங்கள் அம்மோனைட்டேதான். நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றங்கரையில் கிடைப்பவை. இந்திய நிலத்துண்டு வடக்கே நகர்ந்து ஆசியாவில் மோதியபோது நடுவில் இருந்த டெத்திஸ் கடலின் அடித்தளம் மடிந்து உயர்ந்து இமயமலையானது. ஆறு அந்தப் பாறையை அரித்து அம்மோனைட்டை வெளியே கொண்டுவருகிறது. வழிபாட்டுக்கு இதனால் ஒரு குறையும் வராது என்றுதான் நான் நினைக்கிறேன். ஐயாவும் அப்படித்தான் நினைத்தார். வீட்டில் பேரனிடம் சொல்ல வேண்டும் என்று வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பிவிட்டார்.

கல்லை அவளிடமே கொடுத்துவிட்டேன். எங்கே கிடைத்தது, எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைக்கச் சொன்னேன். கிடைத்த இடம் தெரியாவிட்டால் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அந்தக் கல்லால் பாதிப் பயன்கூட இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றோடு தேர்வு முடிந்தது. கூடம் வெறிச்சென்று இருக்கிறது. மின்விசிறிச் சத்தம் கேட்கிறது.

கயிறு அறுந்த கதை கேட்ட தம்பி மட்டும் வந்தார். தேர்வு சுமாராகப் போனதாம். "இனிமே பரீட்சைக்கு வராததா எழுதுங்க மேடம்" என்றார். உடனே பலகையைத் துடைத்து எழுதினேன்: நியூசிலாந்தில், வாங்கரே அருகே மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தை 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி பார்த்தார். அது உடைந்த மணி. அதன் விளிம்பில் இருந்தது தமிழ் எழுத்து. முகையதீன் பக்ஷ் என்பவரின் கப்பல் மணி என்று பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கப்பல் எப்படி அங்கே போனது, மணி மட்டும் போனதா என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை கிடையாது.

அந்தத் தம்பி உலக வரைபடத்தின் முன்னால் போய் நாகப்பட்டினத்திலிருந்து விரலை நகர்த்தினார். சுமத்ரா, ஜாவா, ஆஸ்திரேலியா. படிப்பை மறந்து அவர் இப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

இந்தத் தேதிக்காகக் காத்திருந்தேன். 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். 'ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்ட ஊர் குண்டூர்' என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கும். அந்த ஒரு வரிக்குள் நிறையப் பேர் நெருக்கி நிற்கிறார்கள்.

குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், ஒளியை நிறங்களாகவும் கோடுகளாகவும் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியோடு கிரகண நேரத்தில் சூரிய விளிம்பின் தீப்பிழம்பைப் பார்த்தார். கோடுகள் அவ்வளவு பளிச்சென்று தெரிந்ததால், கிரகணம் இல்லாமலும் இதைப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. மறுநாளே பார்த்தும் விட்டார். மசூலிப்பட்டினத்தில் மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் அதே கிரகணத்தை ஆராய்ந்தார். 1861-இல் மதராஸிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து 'ஆசியா' என்று பெயர் வைத்தவர் அவர்தான். அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர் என்ற வானியலாளர், கிரகணம் எதுவும் இல்லாமலே ஒரு மஞ்சள் கோட்டைக் கவனித்தார். சோடியத்தின் கோட்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதுவல்ல. பூமியில் அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. சூரியனின் கிரேக்கப் பெயரை வைத்து ஹீலியம் என்றார்கள். 1895-இல்தான் வில்லியம் ராம்சே பூமியிலேயே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து அதைப் பிரித்தார். இருபத்தேழு ஆண்டுகள் அது சூரியனில் மட்டுமே தெரிந்த பொருளாக இருந்தது!

பலகையில் இத்தனைக்கும் இடமில்லை. கடைசி வரியை மட்டும் எழுதினேன். எதிர்பார்த்த கேள்வியே வந்தது. கல் கொண்டுவந்த பெண்: "சூரியன்ல இருக்கிறது இங்கிருந்து எப்படித் தெரியும்?"

மேசையில் ஒரு பழைய சிடியைத் தயாராக வைத்திருந்தேன். மெழுகுவர்த்தியைக் காட்டினால் அதில் நிறங்கள் இடைவெளியில்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிகின்றன. சிஎப்எல் பல்பைக் காட்டினால் பச்சை தனியாக, சிவப்பு தனியாக, நடுவே இருட்டு. பல்புக்குள் இருக்கும் பொருள்கள்தான் அந்தப் பட்டைகளைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய கோடுகள். வரிசையாக நின்று எல்லோரும் பார்த்தார்கள். தபால் ஐயா இரண்டு முறை வரிசையில் நின்றார்.

அவள் சிடியை இரவல் கேட்டாள். பதிவேட்டில் ஏறாத பொருள், எடுத்துக்கொண்டு போ என்றேன். தெருவிளக்கை நேராக நோக்கிப் பிடித்துப் பார்க்கலாம், சூரியனை மட்டும் எக்காரணம் கொண்டும் சிடி வழியாகப் பார்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். பலகையிலும் அதைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.