பழைய பேக்கப்பை எப்போது அழிக்கலாம்?

டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பப்போகிறது என்ற எச்சரிக்கை வந்தவுடன் எல்லோர் கண்ணும் முதலில் பேக்கப் இருக்கும் இடத்தின்மீதுதான் விழும். முப்பது நாளுக்கு முந்தைய கோப்புகளை நீக்கும்படி ஃபைண்ட் கட்டளையில் ஒரு வரி எழுதி, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரானில் அதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். அந்த வரி கோப்பின் தேதியை மட்டுமே பார்க்கும். கடவுச்சொல் மாறியதாலோ இடம் போதாததாலோ புதிய பேக்கப் ஒரு மாதமாகப் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தால், எஞ்சியிருக்கும் கடைசி நல்ல பிரதியையும் அதுவே துடைத்துவிடும்.

2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில், துணை சர்வர் என்று எண்ணி முதன்மை சர்வரின் தரவை ஒரு பொறியாளர் அழித்தபோது ஏறத்தாழ 300 ஜிபி போனது. பேக்கப்பைத் தேடினால் அங்கே ஒன்றும் இல்லை: 9.6 பதிப்பு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மீது, அதன் பேக்கப் கருவியான பிஜி_டம்ப்பின் 9.2 பதிப்பு ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, அதைச் சொல்லவேண்டிய மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் டிஸ்க் பிரதி) ஒன்றுதான் கைகொடுத்தது.

ஆகவே, புதிய பேக்கப் ஒன்றை வேறொரு கணினியில் உள்ள வெற்று டேட்டாபேஸில் மீட்டு, முக்கியமான டேபிள்களில் கடைசிப் பதிவின் தேதி சரிதானா என்று பார்த்த பிறகே பழையதில் கைவைப்பது என் வழக்கம். பேக்கப்பை மீட்கும் கருவியான பிஜி_ரிஸ்டோரின் லிஸ்ட் விருப்பம் பொருளடக்கத்தை மட்டுமே படிப்பதால், பாதியில் அறுந்த கோப்பும் அதில் தேறிவிடக்கூடும். அதைச் சோதனை என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

டேட்டாபேஸின் ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் வால் (WAL) கோப்புகளின் ஆர்க்கைவ் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் நுணுக்கமானது. நாம் வைத்துக்கொள்ளப்போகும் மிகப் பழைய பேஸ் பேக்கப் (டேட்டா டைரக்டரியின் முழுப் பிரதி) எந்த வால் கோப்பில் தொடங்குகிறதோ, அதற்கு முந்தையவற்றை மட்டுமே நீக்கலாம். பிஜி_ஆர்க்கைவ்கிளீனப் இதற்கென்றே இருக்கிறது. முதலில் 'என்' விருப்பத்தோடு ஓட்டினால் எதையும் தொடாமல், நீங்கவிருக்கும் பெயர்களை மட்டும் அச்சிடும். டேட்டா டைரக்டரிக்குள், நடப்பு வால் கோப்புகள் இருக்கும் பிஜி_வால் பக்கம் மட்டும் எந்த நெருக்கடியிலும் போகவேண்டாம். முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்றிருந்த அதை வெறும் லாக் என்று நினைத்து அழித்தவர்கள் இருந்ததால்தான் 10ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள். அது அளவின்றி வீங்கினால், ஆர்க்கைவ் கட்டளை தோற்கிறதா, துணை சர்வர் படிக்கும்வரை வால் கோப்புகளை வைத்திருக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட் ஏதேனும் கேட்பாரற்றுப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

எல்லாம் முடிந்தும் டிஸ்க் இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை காட்டும் எண் இறங்கவில்லையென்றால், நீக்கிய கோப்பை ஏதோ ஒரு ப்ராசஸ் இன்னும் திறந்துவைத்திருக்கக்கூடும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் அதைக் காட்டிக்கொடுக்கும், அந்த ப்ராசஸ் நின்றதும் இடம் திரும்பிவிடும்.