டேட்டாபேஸை ஸ்லாக்கில் பேச வைத்தோம், வாங்கிக் கட்டிக்கொண்டோம்

"பட்டனை அழுத்தினால் அஞ்சு நிமிஷம் சார்" என்றுதான் ஏஐ உதவியாளரை விற்க வந்தவர் சொன்னார். பொய் இல்லை. பட்டனை அழுத்த அஞ்சு நிமிஷம்தான் ஆனது. அதற்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததை எழுதுகிறேன். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒன்றைப் போடப் பேச்சு நடந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கோயம்புத்தூரில் பம்ப்செட் டீலர்களிடம் ஆர்டர் எடுக்கும் ஆப் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் சின்ன டீம் எங்களுடையது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். ஆபீஸ் பேச்சு முழுக்க ஸ்லாக் சாட் ஆப்பில். காலையில் வந்து உட்கார்ந்ததும் சேல்ஸ் ஆட்கள் ஆரம்பிப்பார்கள்: மதுரை ஏரியா பெண்டிங் எவ்வளவு, இந்த டீலர் கடைசியாக எப்போது வாங்கினார், ரிட்டர்ன் ஏன் கூடுகிறது. நாங்கள் க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளை) எழுதி, எக்ஸெலில் போட்டு அனுப்புவோம். இந்தத் தொல்லை ஒழியட்டும் என்று மேலிடத்தில் வாங்கியதுதான் இந்த ஏஐ உதவியாளர், சுருக்கமாகப் 'பாட்'. சேனலில் அதை டேக் செய்து கேட்டால், தானே எஸ்க்யூஎல் மொழியில் க்வெரி எழுதி, ஓட்டி, பதிலை அங்கேயே போடும்.

முதல் முட்டுக்கட்டை ஸ்லாக் அட்மின் அனுமதி. அந்த ஆப் கேட்ட உரிமைகளில், சேனலின் பழைய மெசேஜ்களைப் படிக்கும் உரிமையும் இருந்தது. எங்கள் செக்யூரிட்டி ஆள் அங்கேயே நின்றுவிட்டார். "கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல பழைய அரட்டை எதுக்குங்க?" நியாயம்தானே. சப்போர்ட்டுக்கு எழுதினேன், உதவிப் பக்கத்தின் லிங்க் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன் என்று எழுதினேன், வேறொருவர் வந்து அதே லிங்கைக் கொடுத்தார். ஒருவழியாகக் கிடைத்த விளக்கம் இது: ஒரே த்ரெட்டில் தொடர்ந்து அடுத்தடுத்த கேள்வி கேட்க வேண்டுமானால்தான் அந்த உரிமை வேண்டும். இல்லையென்றால், டேக் செய்த மெசேஜைப் படிக்கவும் பதில் எழுதவும் இருக்கும் இரண்டு உரிமைகளே போதும். தவிர, பாட்டை எந்தச் சேனலில் சேர்க்கிறோமோ அதை மட்டும்தான் அது படிக்கும். ஆகவே இதற்கென்று ஒரு சேனல் திறந்தோம். அனுமதி வந்தது.

அடுத்து டேட்டாபேஸ் இணைப்பு. எங்கள் ஃபயர்வாலில் வெளி ஐபி எதையும் விடமாட்டோம், அனுமதிப் பட்டியலில் இருப்பவை மட்டும்தான் உள்ளே வரும். அவர்களுடைய உதவிப் பக்கத்தில் மூன்று ஐபி முகவரிகள் கொடுத்திருந்தார்கள். மூன்றையும் சேர்த்தோம், "கனெக்ஷன் சக்சஸ்" என்று பச்சை டிக் வந்தது. அப்புறம்தான் கூத்து. ஒரு கேள்விக்குப் பதில் வரும், அடுத்த கேள்விக்கு "டேட்டாபேஸை அணுக முடியவில்லை" என்று வரும், மறுபடி கேட்டால் வரும். முழுக்க உடைந்த ஒன்றைச் சரிசெய்துவிடலாம். அப்பப்போ உடைவதோடு மல்லுக்கட்டுவது பெரும் தலைவலி. சப்போர்ட்டில் எதைச் சொன்னாலும் "அன்இன்ஸ்டால் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்" என்பதே பதில். அன்இன்ஸ்டால் செய்தால் மறுபடி அட்மின் அனுமதிக்கு நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் டிபிஏ அண்ணன் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், யார் வந்து தட்டினார்கள் என்று பதிவாகும் ஃபயர்வால் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீ இப்ப கேளு" என்றார். கேட்டேன். பதில் வந்தது. "இன்னொண்ணு கேளு." கேட்டேன், எர்ரர். அதே நொடியில் லாகில் நான்காவதாக ஒரு ஐபி தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. அவர்கள் புதிதாக ஒரு சர்வர் சேர்த்திருக்கிறார்கள், பக்கத்தில் எழுத மறந்துவிட்டார்கள். லாகை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியதும் "ஆமாம், அது எங்களுடையதுதான்" என்று ஒற்றை வரி வந்தது. அவ்வளவு நாள் அலைக்கழித்ததற்கு ஒரு ஸாரி கூட இல்லை. இப்படி விட்டுவிட்டு எர்ரர் வந்தால், சப்போர்ட்டோடு வாதாடும் முன் உங்கள் ஃபயர்வால் லாகைப் பாருங்கள்.

இன்னொரு விசித்திரம், ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள் வருவது. புது மெசேஜ் போன்ற ஒரு நிகழ்வை ஸ்லாக் ஆப்புக்கு அனுப்பினால், மூன்று நொடிக்குள் "வந்து சேர்ந்தது" என்று ஆப் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் போய்ச் சேரவில்லை என்று நினைத்து ஸ்லாக் மறுபடி அனுப்பும். இந்த ஆப்போ பரபரப்பான நேரத்தில் அந்த மூன்று நொடியைத் தவறவிட்டது. மறுபடி வந்ததைப் புதுக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, புதிதாக ஒரு க்வெரி எழுதி, இன்னொரு பதிலைப் போட்டது. இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். வேறு வேறு எண்கள். எது சரி என்று கேட்டால், இரண்டையும் அது அதே தன்னம்பிக்கையோடு விளக்கியது.

இதற்குப் பின்தான் க்வெரியைக் காட்டாமல் பதில் போடக்கூடாது என்று செட்டிங்கை மாற்றினோம். அந்த வசதி உங்கள் ஆப்பில் இல்லையென்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் வழிகாட்டியின் ஸ்கிரீன்ஷாட்டில், டேட்டாபேஸின் முதன்மை யூசரையே கொடுத்து இணைத்துக் காட்டியிருந்தார்கள். எங்கள் அண்ணன் அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். 2025 ஜூலையில் ரெப்ளிட் என்ற கோடிங் தளத்தின் ஏஐ ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒரு பயனரின் ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழித்த செய்தியை அவர் எல்லா மீட்டிங்கிலும் சொல்லுவார். தனி யூசர், படிக்கும் உரிமை மட்டும், அதுவும் மெயின் டேட்டாபேஸின் நகலான ரெப்ளிகாவில்தான் என்று கறாராக இருந்தார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: போஸ்ட்கிரெஸில் அந்த யூசருக்கு "டிஃபால்ட் டிரான்ஸாக்ஷன் ரீட் ஒன்லி" என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். இணைந்தவரே ஒரு வரியில் அதை மாற்றிக்கொள்ளலாம். உரிமையையே கொடுக்காமல் இருப்பதுதான் பூட்டு. கூடவே அந்த யூசருக்கு ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டும் வைத்துவிடுங்கள். கட்டுக்கடங்காத க்வெரி ஓடினால் தானே நிற்கும்.

இவ்வளவு பார்த்துச் செய்தும் ரிட்டர்ன் விஷயத்தில் அடி விழுந்தது. சேல்ஸ் மேனேஜர் "இந்த மாதம் எத்தனை மோட்டார் ரிட்டர்ன்?" என்று கேட்டார். பாட் சொன்னது: "பூஜ்யம். வாழ்த்துகள்!" கூடவே பட்டாசு எமோஜி வேறு. மேனேஜருக்கு ஒரே குஷி. கீழே கோடவுனில் ரிட்டர்ன் பெட்டிகள் நடக்க வழியில்லாமல் கிடக்கின்றன.

நடந்தது இதுதான். வழிகாட்டியில் சொன்னபடி, எல்லா டேபிளுக்கும் செலக்ட் (படிக்கும்) உரிமை கொடுக்கும் கட்டளையை ஓட்டியிருந்தோம். அது அந்த நிமிஷம் இருக்கும் டேபிள்களுக்கு மட்டும்தான் செல்லும். அப்புறம் ரிட்டர்னுக்குப் புது டேபிள் வந்தது, அதற்கு உரிமை இல்லை. உரிமை இல்லாத டேபிள், என்னென்ன டேபிள் உண்டு என்று காட்டும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் கண்ணிலேயே படாது. ஆகவே அப்படி ஒன்று இருப்பதே பாட்டுக்குத் தெரியாது. எர்ரர் வந்திருந்தால் தப்பித்திருப்போம். ஆனால் பழைய ரிட்டர்ன் டேபிள் இன்னும் அங்கேயே கிடந்தது, யாரும் அதில் எழுதுவதில்லை. பாட் அதை எண்ணி, பூஜ்யம் என்றது. க்வெரியில் கூடத் தப்பில்லை!

இதற்கு "ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்" என்று ஒரு கட்டளை உண்டு. இனி வரப்போகும் டேபிள்களுக்கும் உரிமை போகும். ஆனால் எந்த யூசர் டேபிளை உருவாக்குகிறாரோ அந்த யூசரின் பெயரைச் சொல்லி ஓட்ட வேண்டும். எங்களுக்கு டேபிள்களை உருவாக்கும் மைக்ரேஷன் யூசர் வேறு, அட்மின் வேறு. அட்மினாக ஓட்டினால், மைக்ரேஷன் உருவாக்கும் டேபிளுக்கு ஒன்றும் நடக்காது. வழிகாட்டியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்தது மதுரை. ஏரியா மேனேஜர் போன மாத விற்பனையைக் கேட்டார், பாட் ஒரு தொகை சொன்னது, யாரும் பார்ப்பதற்குள் அவர் அதை டீலர்கள் இருக்கும் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டார். அக்கவுண்ட்ஸ் அக்காதான் முதலில் பிடித்தார். "நாம இவ்வளவு வித்திருந்தா, என் இன்சென்டிவ் எங்க தம்பி?"

க்வெரியைத் திறந்து பார்த்தோம். ஆர்டர் டேபிளோடு ஆர்டரின் ஐட்டம் டேபிளை ஜாயின் செய்துவிட்டு, ஆர்டரின் மொத்தத் தொகையைக் கூட்டியிருந்தது. ஒரு டீலர் ஆறு வகைச் சாமான் சேர்த்து 1,20,000 ரூபாய்க்கு ஆர்டர் போட்டால், அந்த மொத்தம் ஆறு வரிசையிலும் வந்து 7,20,000 ஆகிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் செய்யும் தப்புதான், ஆனால் அவன் எழுதியதை ஒருவர் சரிபார்ப்பார். இதை யாரும் சரிபார்க்கவில்லை. போதாததற்கு, ரத்தான ஆர்டர்களும் கூட்டலில் இருந்தன. ஸ்டேட்டஸ் நெடுவரிசையில் 5 என்றால் ரத்து என்பது எங்கள் ஆப்பின் கோடில் மட்டும்தான் இருக்கிறது, டேட்டாபேஸில் வெறும் 5.

நேரக் கணக்கும் காலை வாரியது. எங்கள் டேபிளில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) கிடக்கிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஒன்றாம் தேதி புது ஸ்கீம் திறக்கும்போது நள்ளிரவு தாண்டியதும் ஆர்டர் போடும் டீலர்கள் உண்டு. காலை ஐந்தரை வரை வந்த அத்தனையும் போன மாதக் கணக்கில் விழுந்தது. "இந்த வருஷம்" என்று கேட்டால் ஜனவரியிலிருந்து கூட்டித் தந்தது. நம் ஊரில் எந்த அக்கவுண்ட்ஸ் ஆள் ஜனவரியிலிருந்து கணக்குப் பார்க்கிறார்?

ஊர்ப் பெயர் தனிக் கதை. இதில் பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, பாதி சொல்லை விழுங்கிக் கேட்டாலும் அதற்குப் புரிகிறது, உண்மையிலேயே ஆச்சரியம். ஆனால் "திருச்சி டீலர்கள்" என்று கேட்டால் முழுப்பெயரான திருச்சிராப்பள்ளியைத் தேடுகிறது. எங்கள் டேபிளில் ட்ரிச்சி, திருச்சி, திருச்சிராப்பள்ளி என்று ஆங்கில எழுத்தில் தட்டியவர் மனம் போல நாலைந்து விதம். தூத்துக்குடிக்கும் அதே கதி, பாதிப் பேர் டூட்டிகோரின் என்று போட்டிருந்தார்கள். கடைசியில் பின்கோடைப் பிடித்துக்கொண்டோம். 620-ல் தொடங்கினால் திருச்சி, 625 மதுரை, 628 தூத்துக்குடி. எல்லையோரக் கிராமங்கள் கொஞ்சம் முன்னே பின்னே வரும், பரவாயில்லை.

இதற்கிடையே ஒருவர் கிரெடிட் லிமிட் தாண்டிய டீலர்கள் பட்டியலைக் கேட்க, பாட் பெயர், மொபைல் எண், பாக்கி என்று மொத்தமாகச் சேனலில் கொட்டியது. அந்தச் சேனலில் வெளியிலிருந்து வந்த விளம்பர ஏஜென்சி ஆள் ஒருவர் கெஸ்ட்டாக இருந்தார். யார் சேர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. லீகல் ஆள் வந்து 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி எங்களுக்கு நீளமாக வகுப்பெடுத்தார். கேட்டுக்கொண்டோம், வேறென்ன செய்ய.

எங்களைக் காப்பாற்றியது வியூ, அதாவது டேபிள்களிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து டேபிள் போலவே காட்டும், சேமித்து வைத்த க்வெரி. அண்ணனும் நானும் உட்கார்ந்து, கேள்வி வரும் விஷயங்களுக்கு மட்டும் தனி ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் ஒரு தனிப் பிரிவில்) வியூக்கள் எழுதினோம். விற்பனை வியூவில் ஆர்டருக்கு ஒரே வரிசை, ரத்தானவை கிடையாது, நேரம் நம் நேரம், நிதியாண்டுக்கு ஒரு நெடுவரிசை, பின்கோடிலிருந்து ஊர். டீலர் வியூவில் மொபைல் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கமென்ட் எழுதினோம், பாட் அதைப் படித்துத்தான் எது என்ன என்று தெரிந்துகொள்கிறது. பிறகு பாட் யூசரிடமிருந்து டேபிள் உரிமை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, அந்த ஸ்கீமாவை மட்டும் கொடுத்தோம். போஸ்ட்கிரெஸில் வியூ வழக்கமாக அதன் உரிமையாளர் பெயரில்தான் டேபிளைத் தொடும், ஆகவே பாட்டுக்கு டேபிள் உரிமையே வேண்டாம். தெரியாததைக் கேட்டால் இப்போது "அந்தத் தகவல் என்னிடம் இல்லை" என்கிறது. சேல்ஸில் இதற்கு முணுமுணுப்பு. எனக்கு அந்தப் பதிலைப் பார்த்தால் அவ்வளவு சந்தோஷம்.

வியூ மாறியதும் ஆப் விற்றவர்களின் பக்கத்தில் ஸ்கீமாவை ரிஃப்ரெஷ் செய்ய மறக்காதீர்கள், பழையதையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். பட்டன் செட்டிங்ஸில் மூன்றாவது மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது.

வருடச் சந்தா கட்டும் முன், அக்கவுண்ட்ஸில் ஏற்கெனவே முடித்து மூடிய மாதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடை தெரிந்த கேள்விகளாகப் பத்துப் பதினைந்து எழுதி, பாட்டிடம் கேட்டு டாலியோடு ஒப்பிடுங்கள். எங்களுக்கு இதை அக்காதான் செய்து கொடுத்தார். வியூ போடும் முன் பாதிக்கு மேல் தப்பு, போட்ட பின் ஒன்றே ஒன்று, அதுவும் டாலியில் கிரெடிட் நோட் தேதி தப்பாகப் போட்டதால். அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இன்னும் தீராதது ஏஜிங் ரிப்போர்ட், அதாவது யார் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியல். பெரிய க்வெரி, ரெப்ளிகாவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயினிலிருந்து மாற்றங்கள் வந்தால் "ரெகவரியோடு மோதல்" என்று போஸ்ட்கிரெஸ் பாதியில் வெட்டிவிடுகிறது. காத்திருக்கும் நேரம் டிஃபால்ட்டாக 30 நொடி. அதைக் கூட்டினால் ரெப்ளிகா பின்தங்கும் என்று அண்ணன் மாற்ற மறுக்கிறார். ஆகவே பாக்கிப் பட்டியல் மட்டும் இன்னும் பழையபடி எக்ஸெலில், திங்கட்கிழமை காலையில், என் கையால்தான் போகிறது.