பார்க்குல டவர் வேணாம்ங்க

வலசை போற சின்னப் பறவைங்க நிறைய ராத்திரிலதான் பறக்கும், மேகம் தாழ்ந்து மூடியிருக்கிற நாள்ல தகவல் தொடர்பு டவர்ல அணையாம எரியுற சிவப்பு லைட்டுக்கு இழுபட்டு, அந்த வெளிச்சத்த விட்டு வெளிய போகத் தெரியாம சுத்திச் சுத்தி கடைசில ஸ்டே வயர்ல (டவர் சாயாம இழுத்துக் கட்டியிருக்கிற கம்பி) அடிபட்டு செத்துடுது. அமெரிக்கா, கனடாவுல மட்டும் வருஷத்துக்கு சுமார் 68 லட்சம் பறவைங்க இப்படி சாகுதுன்னு 2012ல ஒரு ஆய்வு கணக்கு சொல்லுச்சு, ரொம்ப வேதனையா இருக்கு. இத்தனைக்கும் விட்டு விட்டு எரியுற லைட்டா மாத்துனாலே சாவு பாதிக்கு மேல குறையுதுன்னு அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல பாத்திருக்காங்க. ஸ்டே வயர் இல்லாத, உயரம் கம்மியான டவர் இன்னும் நல்லது. ஆனா பொதுப் பூங்காவுல, அதுவும் பறவைங்க இறங்கி இரை தேடி இளைப்பாறுற எடத்துல புது டவரே கூடாதுங்கறதுதான் என் கருத்து, ஏற்கனவே நிக்கிற டவர்லயே இன்னொரு ஆன்டெனா மாட்டலாமே.