சீழைத் துடைத்த பிறகு

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வது என் வேலை. கட்டைப் பிரித்ததும் கண் முதலில் போவது புண்ணின் நிறத்துக்குத்தான். மஞ்சளாகக் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நாளாகும். மாதுளை முத்துப்போலச் சிவந்து பொடிப்பொடியாகத் தசை எழும்பி, காஸ் துணி பட்டதும் லேசாக ரத்தம் கசிந்தால் எங்களுக்கு ஒரே சந்தோஷம். ரத்தத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று கூட வந்தவர்கள் முறைப்பார்கள்.

"வீக்கம் வத்துறதுக்கு ஏதாவது கொடுங்க சிஸ்டர்" என்று கேட்காதவர் குறைவு. சிலர் மருந்துக்கடையில் தாங்களே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டும் வருவார்கள். அது வீக்கத்தோடு புண் ஆறுவதையும் சேர்த்தே அமுக்கிவிடும்.

அந்த வீக்கம் சும்மா வருவதில்லை. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் ரத்தக்குழாயை விட்டு வெளியே வந்து கிருமிகளை விழுங்கத் தொடங்குகின்றன. அவை செத்துச் சேர்வதுதான் சீழில் பெரும்பகுதி. இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய வெள்ளணுக்கள் வந்து, செத்த நியூட்ரோஃபில்களையும் தின்கின்றன. எனக்கு இதில் பிடித்த இடம் இதுதான்: தின்ற பிறகு அவற்றின் குணமே மாறிவிடுகிறது. சண்டையை விட்டுவிட்டு, புது ரத்தக்குழாயும் நார்த்திசுவும் வளரத் தூண்டும் பொருட்களைச் சுரக்கின்றன. நாங்கள் எதிர்பார்க்கும் சிவப்புத் தசை அப்படி வருவதுதான். 1975இல் லீபோவிச், ராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கினிப்பன்றிகளின் உடலில் மேக்ரோஃபேஜ்களைக் குறைத்துவிட்டுப் பார்த்தார்கள். புண்ணில் செத்த திசு அகலாமல் தேங்கியது, நார்த்திசு வருவதும் தள்ளிப்போனது.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களிடம் இந்தக் குணமாற்றம் சரியாக நடப்பதில்லை. நியூட்ரோஃபில்கள் வந்துகொண்டே இருக்கும். அவை விடும் நொதிகள் புதிதாகக் கட்டிய கொலாஜன் என்ற நார்ப்புரதத்தையும் சேர்த்து அரிக்கும். அதனால்தான் டாக்டர் செத்த திசுவைச் சுரண்டி எடுக்கிறார். "ஆறுற புண்ணைக் கிளறி விடுறாங்க" என்ற புலம்பலுக்கு நாங்கள் பழகிவிட்டோம்.

வீட்டில் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுபவர்களோடுதான் எனக்கு ஓயாத சண்டை. நுரைத்தால் கிருமி சாகிறது என்று நினைக்கிறார்கள். நம் ரத்தத்திலும் திசுவிலும் உள்ள கேட்டலேஸ் நொதி பட்டாலே அது நுரைக்கும். அதில் புதிதாக வளரும் நம் செல்களும் சாகின்றன. புண்ணைக் கழுவ சலைன் என்ற உப்புநீர் போதும்.

மூடிய புண்ணில் தோல் பழைய வலுவை முழுதாகத் திரும்பப் பெறாது. மாதக்கணக்கில் இறுகிய பிறகும் 80 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். அதனால், "ஆறிடுச்சே, இனி சாதாச் செருப்பு போட்டுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பையே எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம்.